மகாராஜாவுக்கு ஒரு பெஞ்சு

மேடையேறி இரண்டு வருடமான பிறகும் திரை விலகும்போது கை நடுங்குகிறது என்று போன மாதம் என்னிடம் வந்து அழுத பெண்ணுக்கும், எனக்கு நடுங்குவதே இல்லை என்று பக்கத்தில் நின்று பெருமையடித்துக்கொண்ட தம்பிக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நடுங்குகிறவள் பிழைத்துக்கொள்வாள். தம்பியை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நாடகத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்த பிறகு என்னைப் பார்க்க வருகிற இளசுகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். கிறிஸ்தவ வீட்டுப் பெண், வாத்தியார் மகள், நீங்கள் எப்படி இசை நாடகத்துக்கு ஸ்திரீபார்ட்டாக வந்தீர்கள் அக்கா? பஸ்ஸில் வந்தேன் என்று சொல்லிச் சிரித்துவிடுவேன். அது பாதி உண்மை. மீதியை இப்போது சொல்லிவிடுகிறேன். உங்கள் தொழிலுக்கு உதவும் சங்கதி ஒன்று அதில் இருக்கிறது.

சங்கரன்கோவிலில் கோயில் என்றால் ஊருக்கெல்லாம் ஒன்றுதான் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் மட்டும் கோயில் என்றால் சர்ச். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சர்ச்சில் கொயர் நடத்துகிறவர். இரண்டு இடத்திலும் அவருக்கு ஒரே முகம்தான். வலது கையை அவர் உயர்த்தினால் நாங்கள் மூச்சை இழுக்க வேண்டும், இறக்கினால் பாட வேண்டும். அவர் கை சொல்லாமல் கொயரில் ஒரு தும்மல்கூட வராது.

அந்தக் கொயரில் நான் ஆல்டோ. மற்றவர்கள் பாட்டின் மெட்டைப் பாடும்போது, அதற்குக் கீழே வேறொரு வழியில் போய், மெட்டோடு இடிக்காமல் கூடவே வருகிற குரலுக்கு அந்தப் பெயர். நன்றாகப் பாடினால் அது தனியாகவே கேட்காது. எனக்கோ தனியாகக் கேட்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. போதகர் மாதிரி பேசிக் காட்டுவேன், மளிகைக் கடைக்காரர் மாதிரி இருமிக் காட்டுவேன், வீட்டுக்கு வந்த விருந்தாளி தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவர் மாதிரி நடந்து காட்டுவேன். "மூளைய வைக்க வேண்டிய எடத்துலயும் ஆண்டவரு ஒனக்கு வாயத்தான் வச்சிருக்காரு" என்பாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே இன்னொரு தடவை நடந்து காட்டச் சொல்வாள்.

நான் பள்ளிப் படிப்பை முடித்த சமயம் சர்ச் ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்துபோனது. அதைச் சரிசெய்ய வந்தவர் நாடக மேடைகளில் ஆர்மோனியம் வாசிக்கிற ஒரு அண்ணாச்சி. வேலை முடிந்ததும் சுருதி சேர்கிறதா என்று பார்க்க யாராவது பாடுங்கள் என்றார். அங்கே பெருக்கிக்கொண்டிருந்தவள் நான்தான். விளக்குமாற்றோடு நின்று பாடினேன். அண்ணாச்சி அப்பாவிடம் போய், "சார்வாள், ஸ்திரீபார்ட்டுக்கு, அதான் நாயகி வேசத்துக்கு, நம்ம பக்கத்துல ஆளே இல்ல. எல்லாம் மதுரையில இருந்து வரணும். இந்தப் புள்ளய நாலு மேடை ஏத்திப் பாப்போமா?" என்று கேட்டார்.

"ஆர்மோனியத்துக்கு உண்டான கூலிய மட்டும் கேளுங்க அண்ணாச்சி" என்றார் அப்பா.

நான் சாப்பிடாமல் கிடக்கவில்லை. அந்த மாதிரிப் பிடிவாதமெல்லாம் எனக்குச் சரிப்படாது, பசி தாங்கமாட்டேன். கொயரில் நின்று வாயை மட்டும் திறந்து மூடினேன், சத்தம் கொடுக்கவில்லை. அத்தனை குரலில் ஒன்று குறைந்ததை அப்பா முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டார். சில ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே ஓடின. கடைசியில் இறங்கிவந்தார். "டீச்சர் டிரெயினிங்ல எடம் கெடைக்க வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு நா கெடையாது" என்றார். ஆர்மோனிய அண்ணாச்சியும் அவர் சம்சாரமும் கூட வந்து கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும் என்பது ஏற்பாடு. அப்பா ஒரு நாடகத்துக்கும் வரவில்லை. எப்படி நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

எனக்கு நாடகம் அப்படிப் பிடித்துப்போனது. நம் தொழிலின் கூத்து உங்களுக்குத் தெரியும். ராஜபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர். மூன்று பேரும் தனித்தனியாக பஸ் பிடித்து வந்து மேக்கப் போடுகிற இடத்தில்தான் முகம் பார்ப்போம். ஒத்திகை என்று ஒன்றும் கிடையாது. "நீங்க எத்தன கட்டை?" என்று சுருதியைக் கேட்டுக்கொள்வதுதான் ஒத்திகை. பிறகு மேடையில் அவர் என்ன கேட்பார், நான் என்ன பதில் சொல்வேன் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. அப்பாவின் கையைப் பார்த்துப் பார்த்துப் பாடி வளர்ந்த எனக்கு அது கயிறு அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியின் சந்தோஷம். எழுபதுகளின் பிற்பாதியில் சங்கரன்கோவிலைச் சுற்றி நான் துள்ளாத ஊர் குறைவு.

அந்த வேளையில்தான் டிரெயினிங்கில் இடம் கிடைத்தது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்து அப்பா விஷயத்தைச் சொன்னார்.

"ஒத்துக்கிட்ட நாடகம் எத்தன பாக்கி இருக்கு?"

"ஒண்ணுதான். திருவேங்கடத்துக்கு அங்கிட்டு ஒரு அம்மன் கோயில் கொடை."

"சரி. சொன்ன வாக்க மாத்தப்படாது. அத முடிச்சிரு. அதோட சரி."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நியாயமாகச் சொன்னார். ஒத்துக்கொண்ட வாக்கும் என்னுடையதுதானே. அடுப்படியில் போய் அழுதேன். அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே, "கடைசி நாடகம்னா நல்லாப் பாடிட்டு வா மக்கா" என்றாள்.

அந்தக் கடைசி நாடகத்துக்கு மேக்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறோம், மழை கொட்டிவிட்டது. கரெண்ட் போனது, மேடைப் பந்தல் சாய்ந்தது. கரிசல் காட்டு ஊரில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலை எடுத்தால் மறு கால் செருப்போடு உள்ளே போய்விடும். காலையில் மழை விட்டது. ஆனால் கரெண்ட் வரவில்லை, பஸ்ஸும் வரவில்லை. விழாக் கமிட்டிக்காரர்கள் ஒன்றுகூடிப் பேசி, அம்மனுக்கு நேர்ந்துவிட்ட நாடகம், நடத்தாமல் விட முடியாது, பகலிலேயே ஆடிவிடுங்கள் என்று வந்து நின்றார்கள்.

பகலில் நாடகமா! ராஜபார்ட்டுக்கு முகம் செத்துப்போனது. அவர் இளையரசனேந்தல் பக்கத்துக்காரர், பார்க்க லட்சணமாக இருப்பார், அந்த லட்சணம் விளக்கு வெளிச்சத்துக்கு மட்டும் செய்தது என்பது அவருக்கே தெரியும். சூரிய வெளிச்சத்தில் எங்கள் முகம் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. கிரீடத்தில் ஜிகினாத்தாள் ஒட்டிய பசை தெரிந்தது. ராஜாவின் மீசை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. ஊர்க்காரர்கள் சேற்றின் மேல் காய்ந்த பருத்திச்செடி மாரைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் மேடை ஓரத்துக்கே வந்து என் ரோஸ் பவுடரை எட்டித் தொட்டுப் பார்த்தார்கள். பபூன் கடையநல்லூர்க்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவருக்கு மட்டும் ஒரே கொண்டாட்டம். "இன்னைக்கித்தான் சனத்தோட மூஞ்சிய நான் பாக்கப்போறேன். தெனமும் இருட்டப் பாத்துல்லா பேசிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

மைக் கிடையாது. காற்று வேறு எதிர்த்து அடித்தது. ராஜபார்ட் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டுமே என்று சுருதியை ஏகமாக ஏற்றிவிட்டார். முதல் பாட்டுகளை நான் எப்படியோ சமாளித்தேன். பிறகு நந்தவனக் காட்சி வந்தது. வேட்டைக்கு வந்த ராஜாவை ராஜகுமாரி மறித்துக் கேள்வி கேட்டு, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பாடுகிற இடம். அவர் எடுத்த உயரத்துக்கு என் குரல் ஏறவில்லை. முதல் வரியில் எட்டிப் பார்த்தேன், கீச்சென்றது. இரண்டாவது வரியில் என் தொண்டை என்னைக் கேட்காமலேயே பழகிய இடத்துக்குப் போய்விட்டது. ராஜா மேலே மெட்டைப் பாட, நான் கீழே ஆல்டோ பாடிக்கொண்டிருந்தேன்!

கொயரில் வளர்ந்தவளைத் தவிர வேறு யாருக்கும் நாடக மேடையில் இந்தக் கூத்து நடக்காது. ஒரே பாட்டுக்கு இரண்டு வழியை அந்த ஊர் கேட்டதே இல்லை. நான் அபசுரம் பாடுகிறேன் என்று நினைத்து ராஜா கண்ணை உருட்டினார். ஆர்மோனிய அண்ணாச்சியின் விரல் கட்டையிலேயே நின்றுவிட்டது. மிருதங்கம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பபூன் மேடை ஓரத்திலிருந்து ஓடி வந்து இடையில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறி அண்ணாந்தும் குனிந்தும் பார்த்தார்.

"ஏ ராசா! நீரு மச்சுல நின்னு பாடுதீரு, ராசாத்தி வாசல்ல நின்னு பாடுதா. ரெண்டு பேரும் சேரணும்னா ஏணி எங்கவே?"

ஜனம் உருண்டு சிரித்தது. அவர் என்னைக் காப்பாற்றத்தான் அதைச் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு உள்ளுக்குள் எல்லாம் இடிந்துபோனது. கடைசி நாடகம், இப்படியா முடிய வேண்டும்? நிறுத்திவிடலாம் என்று நிமிர்ந்தேன். அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் ஒருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரைக்கும் கரிசல் சேற்றோடு நிற்பதைப் பார்த்தேன்.

அப்பா! விடிய விடிய ஆடிவிட்டு எப்போதும் வருகிற முதல் பஸ்ஸில் நான் திரும்பவில்லை என்றதும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். திருவேங்கடம் வரை பஸ், அதற்கு மேல் நடை. அம்மன் கோயில் கொடையில், முகமெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு, அந்நிய ஆண் ஒருவரோடு நந்தவனத்தில் மகள் நிற்பதை முதன்முதலாகப் பார்க்கிறார்.

ஆனால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, கொயரில் டெனர் குரல் பாடுகிற ஆண்கள் தாளம் பிசகும்போது நிற்பாரே, அப்படி நின்றார். ராஜா மறுபடி மெட்டை எடுத்தார். அப்பாவின் வலது கை மெல்ல மேலே எழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்கே அது தெரியாது. நான் மூச்சை இழுத்தேன். கை இறங்கியது. பாடினேன்.

இப்போது நான் தயங்கவில்லை. ஆல்டோவையே தைரியமாகப் பாடினேன். சர்ச் ஆர்மோனியத்தை ரிப்பேர் பார்த்தவர் அல்லவா நம் அண்ணாச்சி, சங்கதி அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு குரலுக்கும் சேர்த்து இரண்டு கட்டையை அமுக்கினார். தன் மெட்டுக்குக் கீழே ஏதோ ஒன்று தாங்கிப் பிடிப்பது தெரிந்ததும் ராஜாவின் குரலும் நிலைக்கு வந்தது. சிரித்துக்கொண்டிருந்த ஜனம் அடங்கியது. முலை குடித்துக்கொண்டிருந்த கைக்குழந்தை ஒன்று திரும்பிப் பார்த்ததைக்கூட நான் பார்த்தேன், பகல் வெளிச்சமாயிற்றே! பாட்டு முடிந்ததும் நாலா பக்கமிருந்தும் "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" என்று கத்தல்.

அந்த நேரம் பார்த்து பபூனின் கண்ணில் அப்பா பட்டுவிட்டார். கை இன்னும் ஆகாயத்தில்தான் இருந்தது.

"ஏயப்பா! அங்கன பாருங்கய்யா, ஒரு அண்ணாச்சி கைய ஆட்டுதாரு. மாடு பத்துதாரா, இல்ல பஸ்ஸ நிப்பாட்டுதாரா? அண்ணாச்சி, பஸ்ஸு இன்னைக்கி வராதுய்யா!"

மொத்த ஊரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அப்பாவின் கை அப்படியே நின்றுபோனது. வகுப்பில் ஒரு பையனைச் சிரிக்க விடாத மனிதர், சேறு அப்பிய காலோடு நடுக்கூட்டத்தில் கேலிக்கு ஆளாகி நிற்கிறார். பபூனுக்கு அவர் யாரென்று தெரியாது. தொழில் குஷியில் என் பக்கம் திரும்பி, "ராசாத்தி, ஒனக்குத் தெரியுமா அந்தப் பெரியவர?" என்று கேட்டும்விட்டார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் என்ன செய்திருக்கலாம்? காதில் விழாத மாதிரி அடுத்த பாட்டுக்குத் தாவியிருக்கலாம். அப்பா திரும்பி நடந்திருப்பார், அதோடு எல்லாம் முடிந்திருக்கும். அது என் அப்பா, கேலி செய்யாதீர்கள் என்று அழுதிருக்கலாம். நாடகம் படுத்திருக்கும், பபூன் பாவம் கூனிக்குறுகியிருப்பார். யோசிக்க நேரமில்லை. முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு ராஜகுமாரியின் குரலிலேயே சொன்னேன்.

"வாயை அடக்கு மூடனே! அவர்தான் இந்நாட்டு மகாராஜா. என்னைப் பெற்றெடுத்த தந்தை. அவர் கையசைத்தால்தான் இந்த நந்தவனத்தில் குயிலே கூவும்!"

பபூன் என் முகத்தைப் பார்த்தார். ஒரே பார்வைதான், நிஜமாகவே அப்பா என்று பிடித்துக்கொண்டார். என்ன கலைஞன் அவர்! அடுத்த நொடி மேடையிலிருந்து சேற்றிலே குதித்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மகாராசா! தெரியாமப் பேசிட்டேன், கழுவுல ஏத்திராதிய! ஏலே, என்னல பாத்துக்கிட்டு இருக்கிய? மகாராசா நிக்காரு, ஒரு பெஞ்சு போடுங்கல!"

டீக்கடை பெஞ்சு தலைக்கு மேலாகப் பறந்து வந்தது. நாலு பேர் அப்பாவைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். யாரோ காலுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அப்பா செருப்பை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மேடையில் நின்ற எனக்குப் பயமும் சிரிப்பும் சேர்ந்து அடித்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

பபூன் அவரை விடவில்லை. மேடையை விட்டு உள்ளே போகும்போதெல்லாம் குனிந்து, "மகாராசா, போயிட்டு வரட்டா?" என்று உத்தரவு கேட்டார். முதலில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த தடவை லேசாகத் தலையாட்டினார். அதற்கடுத்த தடவை, வகுப்பில் கேட்கிற அதே குரலில், "ம், போ. வெளிய நின்னு வேடிக்க பாக்காம சீக்கிரம் வா" என்றார். ஊர் குலுங்கியது. அப்பாவும் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மேடையிலிருந்து பார்த்த அன்றைக்கு நான் பாடின மாதிரி அப்புறம் பாடியிருக்கிறேனா என்பது சந்தேகம்தான்.

நான் சொல்ல வந்தது இதுதான். மழை வரும், மைக் போகும், ஜோடி சுருதியை ஏற்றுவார், நீங்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்த முகம் கூட்டத்தில் வந்து நிற்கும். மேடைக்குள் வந்துவிட்ட எதையும் வெளியே தள்ளப் பார்க்காதீர்கள். அதற்கு ஒரு வேஷம் கொடுத்து உட்கார வைத்துவிடுங்கள். கூடவே பக்கத்தில் நிற்கிறவர் உங்கள் கண்ணைப் பார்த்தால் புரிந்துகொள்கிற மாதிரி அவரிடம் பழகி வையுங்கள். இந்த இரண்டும் பாடத்தில் வராது. நடுங்காத தம்பி இதை இரண்டு தடவை படிக்கட்டும்.

நாடகம் முடிந்தது. கமிட்டிக்காரர்கள் ராஜாவுக்குத் துண்டு போர்த்தினார்கள், எனக்குப் போர்த்தினார்கள், சிரிப்போடு மகாராஜாவுக்கும் ஒன்று போர்த்தினார்கள். நான் மேடைக்குப் பின்னால் தேங்காயெண்ணெயைத் தேய்த்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரை நனைந்து கிழிந்து தொங்கியதால் முன்னால் நடப்பதெல்லாம் தெரிந்தது. பக்கத்து ஊரிலிருந்து நாடகம் பார்க்க வந்த பெரியவர்கள் சிலர் தேதி கேட்க வந்தார்கள். ஸ்திரீபார்ட்டுக்குத் தேதி கொடுப்பது அவள் வீட்டு ஆள்தான் என்பது நம் வழக்கம். அப்பா ஒதுங்கியே இருந்ததால் எனக்கு அதுவரை தேதி கொடுத்தவர் ஆர்மோனிய அண்ணாச்சி. வந்தவர்கள் அண்ணாச்சியைத் தாண்டி நேராக பெஞ்சுக்குப் போனார்கள்.

"மகாராசா, வார மாசம் எங்க ஊர்லயும் நாடகம் போடுதோம். புள்ளைக்கு ஒரு தேதி தரணும். எந்த நா தோதுப்படும்?"

என் கை கன்னத்திலேயே நின்றுவிட்டது. அண்ணாச்சி ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைப்பதை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்தார். டிரெயினிங் என்று சொல்லப்போகிறார், எவ்வளவு மரியாதையாகச் சொல்வார் என்பதுகூட எனக்குத் தெரியும். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். கிழிந்த திரை வழியாக, பாதி முகம் வெள்ளையும் பாதி முகம் கறுப்புமாக நின்ற என்னைப் பார்த்தார்.

"சனிக்கெழம மட்டும் கேக்கப்படாது" என்றார். "மறுநா காலையில அவ கொயர்ல நிக்கணும். மத்த நா எதுன்னாலும் நீங்களே குறிச்சுக்கிடுங்க."